எண்பதாம் நம்பர் தாள்

கிழக்கு வெளுக்கத் தொடங்கிய நேரத்தில் லாரி திரும்பி வந்தது. போன மாதம் இதே லாரியில் இதே கதவுகளை ஏற்றி அனுப்பியபோது பட்டறையே வாசலில் திரண்டு கையசைத்தது. இப்போது யாரும் கையசைக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி, சோம்பல் முறிக்கக்கூடத் தெம்பில்லாமல், "பதினெட்டு நாள் எல்லையிலயே நின்னேன். அந்தப் பக்கத்துக்காரன் கேட்டைத் திறக்கவே இல்லை. இறக்கிக்குங்க," என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய்க் குந்திக்கொண்டார்.

இறக்கினார்கள். ஒரு கதவுக்கு இரண்டு பேர். கெட்டி மரம், ஆள் உயரத்தைவிட ஒன்றரை முழம் கூடுதல். தோளில் ஏற்றியதும் கழுத்து நரம்பு புடைத்துவிடும். பனி குடித்திருந்ததால் வழக்கத்தைவிட அதிகமாகக் கனத்தது. "முனை, முனை! பார்த்துத் திரும்பு!" என்று முன்னால் போகிறவர் கத்த, பின்னால் போகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்ப, ஏற்றும்போது இருந்த கிண்டலும் சிரிப்பும் இறக்கும்போது மருந்துக்கும் இல்லை. ஏற்றுகிற பாரமும் இறக்குகிற பாரமும் ஒன்றுதான் என்று எவன் சொன்னாலும் நம்பக் கூடாது. செய்த வேலை வேண்டாமென்று திரும்பி வந்தால் அது இரண்டு பங்கு கனக்கும்.

கறாரக்கா ஒரு கதவின் பின்முனையைப் பிடித்திருந்தாள். உப்புத்தாள் பிரிவின் மூத்தவள் அவள். இருபத்திரண்டு வருடமாகக் கதவு தேய்க்கிறாள். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மரத்தின்மேல் விரலை ஓட்டுவாள். மயிரிழை அளவு சொரசொரப்பு இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். நின்றால் கதவு திரும்பவும் மேசைக்குப் போகும். அது அவள் வீட்டுக்காரரே கழுந்தைத் துளையில் செருகி இணைத்த கதவானாலும் சரி, "லாரி நிக்குது, விட்டுத் தொலை" என்று முதலாளியே கத்தினாலும் சரி. அப்படி வந்த பெயர்தான் கறார். பெற்றோர் வைத்த பெயர் பட்டறையில் யாருக்கும் நினைவில்லை.

கதவைக் கொட்டகையில் சாய்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பனியிலும் தூசியிலும் நின்றதில் மரத்தின் நார் எழும்பியிருந்தது.

"மறுபடி தேய்க்கணும்," என்றாள்.

"யாருக்குக்கா?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்றவள். அவளும் உப்புத்தாள் பிரிவுதான். வாயைத் திறந்தால் வெடுக்கென்று ஏதாவது வரும் என்பதால் அவளுக்கு வெடுக்கு என்றே பெயர். "தேய்ச்சு யார் வீட்டுல மாட்டறது?"

கேள்வி நியாயமானது. அந்தப் பட்டறைக் கதவுகள் அத்தனையும் பக்கத்து நாட்டுக்கானவை. அங்கே வாசல்களுக்கு உயரம் அதிகம். நம் வீட்டு நிலைகளில் அந்தக் கதவை நிறுத்தினால் ஒரு சாண் வெளியே நிற்கும். அறுத்துச் சின்னதாக்கலாமே என்று வெளியாட்கள் யோசனை சொல்வார்கள். மேலும் கீழும் அறுத்தால் கழுந்து போட்ட இணைப்பே போய்விடும்; கதவு மூன்று மாதத்தில் பல் பல்லாகக் கழன்று வரும். ஆக, அங்கே வாங்கவில்லை என்றால் அவை கதவுகளே இல்லை, வெறும் மரம்.

இரண்டு நாட்டுப் பெரியவர்களுக்கும் ஏதோ மனத்தாங்கல். முதலில் அந்தப் பக்கத்தார் வரியை ஏற்றினார்கள், பிறகு இந்தப் பக்கத்தார் ஏற்றினார்கள், பிறகு எல்லைக் கேட்டுக்கே பூட்டு விழுந்தது. எதற்காகச் சண்டை என்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு பட்டறை இருப்பது தெரியாது.

கொட்டகை நிரம்பியது. மிச்சக் கதவுகளைச் சாப்பிடுகிற இடத்தில் அடுக்கினார்கள். நாற்பத்து மூன்று பேரும் கதவுகளுக்கு நடுவே சந்து சந்தாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது, மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அரை நாள் வேலை, பிறகு வாரத்தில் மூன்று நாள் என்று குறைந்துகொண்டே வந்தது. "நாம எல்லாருமா போய் முதலாளியைக் கேட்போமா?" என்று கறாரக்காவின் கணவர் ஒரு நாள் பேச்செடுத்தார். பட்டறையிலேயே நல்ல தச்சர், ஆனால் அதிகம் வாய் திறக்காதவர். அவரே பேசினார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளலாம்.

"நமக்கெதுக்கு வம்பு?" என்றார் பசைக்காரர்.

பசைக்காரர் எதற்கும் அதைத்தான் சொல்வார். கூரை ஒழுகினாலும் நமக்கெதுக்கு, தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொண்டாலும் நமக்கெதுக்கு. அவருக்கு நேராகவே எல்லோரும் அவரை 'நமக்கெதுக்கு அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை. முப்பது வருடமாகப் பசைச் சட்டியைக் கிண்டி, கழுந்திலும் துளையிலும் தடவி, இறுக்கிக் கட்டிவிட்டு, தான் உண்டு தன் சட்டி உண்டு என்று இருந்துவிட்ட மனிதர்.

அந்தச் சமயத்தில்தான் வானொலியில் அறிவிப்பு வந்தது. எல்லைச் சண்டையால் அடிபட்ட தொழில்களை அரசாங்கம் கைவிடாது, உதவி வருகிறது என்றார்கள். கேட்டதும் வெடுக்கு, தேய்த்துக்கொண்டிருந்த கதவின்மேல் தாளம் போட்டாள். கறாரக்கா அவள் கையைத் தட்டிவிட்டு, "கீறல் விழும்," என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார். அப்பா விட்டுப்போன பட்டறையை இருபது வருடமாக நடத்துகிறவர். இளைத்துப் போயிருந்தார், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவருக்கும் தூக்கமில்லைதான். அதை இல்லையென்று சொல்லிவிட முடியாது.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்று ஆரம்பித்தார். "அரசாங்கம் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கறோமோ அத்தனை பேருக்கு உதவி தருது. ஆள் நெஜமாவே இருக்காங்களான்னு விரல் ரேகை வச்சுப் பார்ப்பாங்க. எல்லாரும் நாளைக்குக் கை கழுவிட்டு வந்துடுங்க."

"ரேகைதானே? பத்து விரலும் வைக்கறோம்," என்று யாரோ சொல்ல, பல நாளைக்குப் பிறகு முற்றத்தில் சிரிப்புக் கேட்டது.

பதிவு அலுவலர் சின்ன வயதுப் பெண். மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாள். பெட்டியின் நெற்றியில் ஒரு கண்ணாடி. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்தது. "பதிவு ஏற்கப்பட்டது" என்று ஒரு குரலும் வந்தது. அறுப்பவர்கள், இழைப்பவர்கள், தச்சர்கள், பசைக்காரர் என்று முப்பத்திரண்டு ஆண்களும் முப்பத்திரண்டு பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

கறாரக்கா வந்தாள். கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மீண்டும் முயலவும்," என்றது பெட்டி.

"நல்லாத் துடைச்சுட்டு வைங்கம்மா," என்றாள் அலுவலர். துடைத்து வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. இடது கை. சிவப்பு. எண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னார்கள், தடவினாள். ஊதிப் பார்க்கச் சொன்னார்கள், ஊதினாள். பத்து விரலும் ஒன்று மாற்றி ஒன்று வைத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் அதே மரியாதையோடு மீண்டும் முயலச் சொன்னது. வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் மெல்லத் தங்கள் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

அலுவலர் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "ரேகையே இல்லையேம்மா. தேஞ்சே போயிடுச்சு."

விரல் நுனி கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. உப்புத்தாள் மரத்தை மட்டுமா தேய்க்கும்? பிடித்திருக்கிற விரலையும் சேர்த்துத்தான் தேய்க்கும். இருபத்திரண்டு வருடம் கதவைத் தேய்த்ததில் அவள் தன்னையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அனுப்பியிருக்கிறாள். பதினோரு பெண்களும் வைத்துப் பார்த்தார்கள். பதினோரு பேருக்கும் சிவப்பு.

"ஒரு மாசம் இந்த வேலையை விட்டு இருந்தீங்கன்னா ரேகை திரும்ப வளர்ந்துடும்," என்றாள் அலுவலர் ஆறுதலாக.

"வேலையை விட்டா ரேகை வரும். ரேகை வந்தா வேலை பார்க்கறேன்னு எழுதுவீங்க," என்றாள் வெடுக்கு. "அப்ப நான் எந்த வேலையைம்மா பார்த்துக்கிட்டு இருப்பேன்?"

ஒரு வழி இருப்பதாக அலுவலர் சொன்னாள். ரேகை படியாதவர்களுக்கு முதலாளி ஒரு கடிதம் கொடுக்கலாம். இவர்கள் என்னிடம் வேலை பார்ப்பவர்கள்தான், ஒரு வருடம் இவர்களை வேலையில் வைத்திருப்பேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும். "மத்தபடி தினமும் காலையில இந்தப் பெட்டியில விரல் வைக்கணும். பாதிப் பேருக்கு மேல பதிவாகலைன்னா, கடிதமும் இல்லைன்னா, அந்த மாச உதவி பட்டறைக்கு வராது. அதை மட்டும் பார்த்துக்குங்க சார்," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாள்.

"கடிதம்தானே, நான் பார்த்துக்கறேன்," என்றார் முதலாளி. அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் மூன்றே நாளில் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் கேட் காவலாளி பெண்களை நிறுத்தினார். பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விட வேண்டுமாம். அதே நேரத்தில் ஒரு வண்டி வந்து, நீலத் தாளில் சுற்றிய பெரிய பெட்டி ஒன்றை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது. இறக்க உதவிய ஆண்கள் பெட்டிமேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் ஒதுங்கினார்கள். கதவு தேய்க்கிற இயந்திரம்.

பதினோரு பேரும் காவலாளியை ஒதுக்கிக்கொண்டு அலுவலக வாசலுக்குப் போனார்கள். முதலாளி வெளியே வந்தார்.

"ஐயா, அந்தக் கடிதம்," என்றாள் கறாரக்கா.

"எழுதலை."

"எப்ப எழுதுவீங்க?"

"ஏம்மா, புரிஞ்சுதான் கேக்கறியா? விரல் வச்சவங்களை மாசா மாசம் பார்த்துக்கலாம். கடிதம்னா ஒரு வருஷம். கேட் திறக்கலைன்னாலும் ஒரு வருஷம் உங்களை நான் கட்டி அழணும்."

"இருபத்திரண்டு வருஷமா உங்க கதவை நான் கட்டி அழுதிருக்கேன் ஐயா."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன் வேலையில நான் ஒரு குத்தமும் சொல்லலையே. சலுகையில மிஷின் தர்றாங்க. இப்ப வாங்கலைன்னா எப்பவும் வாங்க முடியாது. நான் என்ன பண்ணட்டும்?"

"உதவி எங்க வேலை போகாம இருக்கத்தானே கொடுக்கறாங்க?" என்று கேட்டாள் வெடுக்கு. "அதை வச்சே எங்களை அனுப்பறீங்களே!"

"தொழில் இருந்தாத்தான் வேலை! தொழிலுக்குத்தான் உதவி. நான் யாரையும் அனுப்பலை. அந்தப் பெட்டி உங்களை ஏத்துக்கலை. நான் என்ன செய்ய முடியும்? அதுகிட்டப் போய்ச் சண்டை போடுங்க."

"அன்னைக்கு ஒரே குடும்பம்னீங்களே ஐயா," என்றாள் கறாரக்கா. குரல் ஏறவே இல்லை. நிஜமாகவே அதற்கு விடை தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது சாதாரண அளவுக் கதவு. அதைத் தேய்த்ததும் அவள்தான்.

திரும்பி வரும்போது பட்டறைக்குள் ஆண்கள் தலை குனிந்து வேலை பார்த்தார்கள். இழைக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட எதையோ இழைத்துக்கொண்டிருந்தார்கள். பசைச் சட்டிப் பக்கம் போனபோது நமக்கெதுக்கு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையைப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கிண்டத் திரும்பினார். அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று யோசித்தால் எல்லையில் பூட்டிக் கிடக்கிற கேட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் நடக்க அவளுக்குக் காலில் பலமில்லை.

வீட்டில் ஒரே அறை. சாயங்கால வெயில் சன்னல் வழியாக வந்து பாத்திர அடுக்கின்மேல் விழுந்திருந்தது. அவர்களின் மகள் ஒரு மூலையில் புத்தகத்தை விரித்துவைத்துப் படிக்கிற மாதிரிப் பாவனை செய்துகொண்டு, பெற்றோர் பேசுவதைக் கேட்டாள். இந்த வருடம் அவளுக்குப் பள்ளியின் கடைசி வருடம். இரண்டு பேர் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓடுகிற குடித்தனம். ஒருவர் சம்பளம் நின்றால் முதலில் நிற்பது அந்தப் படிப்புதான் என்று மூன்று பேருக்கும் தெரியும், அதனால் மூன்று பேரும் அதைப் பேசவில்லை.

"நாளைக்கு நான் போகலை," என்றார் அவள் கணவர்.

"போகாம?"

"உன்னை வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் எப்படி உள்ள போறது? நான் விரல் வைக்கமாட்டேன்."

"நீங்க ஒருத்தர் வைக்கலைன்னா வரலைன்னு எழுதிட்டு அந்த இடத்துக்கு வேற ஆளைப் பிடிப்பார். ரெண்டு அடுப்பா இருக்கு நமக்கு, ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணுல சமைக்க? போங்க. விரலை வைங்க."

"மானமா இருக்க வேண்டாமா?"

"மானத்தை அடுப்புல வச்சா வேகுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவரை அவள் அப்படிப் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கவும் வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மகள் எழுந்து வந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். "எவ்வளவு வழவழன்னு இருக்கும்மா," என்றாள். அவள் சமாதானத்துக்குத்தான் சொன்னாள். கறாரக்காவுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அழுதாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபோது அழுவதில் என்ன தப்பு?

மறுநாளும் விடிவதற்கு முன்னே எழுந்தாள். போக இடமில்லை, ஆனாலும் கால் நிற்கவில்லை. கேட்டுக்கு வந்து பார்த்தால் மிச்சப் பத்துப் பெண்களும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் வந்தோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கு வெளியே, இடமில்லாமல் சாலையோரம் சாய்த்து வைத்திருந்த கதவுகளின் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். உள்ளே மரத்தூள் கூட்டுகிற சத்தமும் வாள் தீட்டுகிற சத்தமும் கேட்டன. பெட்டிக்கு முன்னால் ஆண்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவள் கணவர் நடுவில் எங்கோ நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆள் விரல் வைத்தார். பச்சை. இரண்டாவது ஆள். பச்சை. இருவரும் பெண்கள் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார்கள். பெட்டி மட்டும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக நிற்க வேண்டியவர் நமக்கெதுக்கு அண்ணன். முப்பது வருடத்தில் ஒரு நாளும் வரிசை தவறாதவர். அவரைக் காணவில்லை. "எங்கய்யா அந்த ஆளு?" என்று காவலாளி தேடினார்.

அவர் கதவு அடுக்கின் பின்னால் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். கறாரக்காவின் கண்ணில்தான் முதலில் பட்டார். ஒரு கையில் உப்புத்தாளை மடித்துப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலைக் கர்ரு கர்ரென்று தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனி சிவந்து ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

அவர் திருடிப் பிடிபட்டவரைப்போல விழித்தார். பிறகு, "வைக்கமாட்டேன்னு சொன்னா வரலைன்னு எழுதுவார்," என்றார். "வந்தேன், வச்சேன், உங்க பெட்டி வாங்கலை. அதுக்கு என்ன எழுதுவார்? எனக்கும் அந்தக் கடிதம்தான் எழுதணும். எனக்கு எழுதினா உனக்கும் எழுதணும். ராத்திரி பூரா யோசிச்சேம்மா."

"உங்களுக்கெதுக்கு அண்ணே இந்த வம்பு?" என்று வெடுக்கு கேட்டாள். கிண்டலாகத்தான் தொடங்கினாள், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

"நான் பசை தடவி இறுக்கினா ஓரமெல்லாம் பிதுங்கி வழியும்," என்றார் அவர் கறாரக்காவைப் பார்த்து. "முப்பது வருஷமா அப்படியே விட்டுட்டு அடுத்த கதவுக்குப் போயிடுவேன். அதை யார் எடுக்கறாங்கன்னு ஒரு நாளும் நினைச்சதில்லை. நேத்து நீ என்னைத் தாண்டிப் போனப்ப உன் கையைப் பார்த்தேன். என் பசையைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தானே அது போச்சு."

அவர் மறுபடி தேய்க்கத் தொடங்கினார். கறாரக்கா குனிந்து அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அண்ணே, அது எண்பதாம் நம்பர் தாள். முரட்டுத் தாள், தோலை உரிச்சுடும். இப்படிக் கொடுங்க." இடுப்புத் துணியில் எப்போதும் முடிந்து வைத்திருக்கிற நைசான தாளை எடுத்தாள். "இருநூத்திருபது. இதுல தேய்க்கணும். குறுக்க தேய்க்காதீங்க, ஒரே பக்கமா இழுங்க. அவசரப்படாதீங்க."

அந்தக் கையின் ஐந்து விரலையும் அப்படியே இழுத்தார். எழுந்து போனார். அத்தனை பேரும் பார்க்கப் பெட்டியில் விரலை வைத்தார்.

"மீண்டும் முயலவும்," என்றது பெட்டி. ஐந்து விரலையும் வைத்தார், ஐந்துக்கும் சிவப்பு. கேட்டில் சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார்.

"என்ன இது?"

"தேஞ்சு போச்சுங்க," என்றார் நமக்கெதுக்கு அண்ணன்.

"பசைக்காரனுக்கு எப்படிய்யா தேயும்? நேத்து வரைக்கும் பச்சைதானே எரிஞ்சுது! நாடகம் ஆடறீங்களா?" என்று கத்தினார் முதலாளி. "ஒரு ஆளால எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. பாதிக்கு மேல பதிவானாப் போதும். நீயும் அவங்களோட வெளிய நில்லு. அடுத்த ஆள் வாங்க! வைங்க!"

யாரும் நகரவில்லை. வரிசை அப்படியே நின்றது. முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் கண்ணும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. எந்தப் பக்கம் விழும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒற்றை அடுப்புதான். போய்விடுவார்கள், வைத்துவிடுவார்கள், வைத்தால் குறை சொல்லவும் முடியாது என்று கறாரக்கா நினைத்தாள்.

அவள் கணவர் வரிசையை விட்டு வெளியே வந்தார். பெட்டியைத் தாண்டினார், முதலாளியைத் தாண்டினார், நேராக அவளிடம் வந்து நின்று கையை நீட்டினார். நேற்றுப் பேசியதற்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"வேண்டாங்க," என்றாள் மெதுவாக. "பிள்ளை படிப்பு."

"அவதான் சொல்லி அனுப்பினா," என்றார்.

அவள் அந்தக் கையை வாங்கிக்கொண்டாள். உளி பிடித்துக் காய்த்துப் போன கை. தாளை மடித்தாள். பட்டறைக் கதவுகளைத் தேய்ப்பதைப்போலவே, அதே அளவு அழுத்தத்தோடு, ஒரே பக்கமாக இழுத்தாள். பக்கத்தில் வெடுக்கு வேறொரு தாளைக் கிழித்துத் துண்டு போட்டு நீட்டினாள். வரிசையில் ஒருவர் விலகி வந்தார். பிறகு மூன்று பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். பதினோரு பெண்களும் பதினோரு கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே உள்ளே போன இருவரில் ஒருவர் திரும்பி ஓடிவந்து, "இன்னைக்கு வச்சதை அழிக்க முடியுமாக்கா?" என்று கேட்டார். "நாளைக்கு வாங்க, முதல் ஆளா பார்த்துக்கறேன்," என்றாள் வெடுக்கு. கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

இன்னும் வரிசையிலேயே நின்றவர்களும் இருந்தார்கள். பதினெட்டுப் பேர் இருக்கும். அவர்கள் போகவும் இல்லை, பெட்டியில் விரல் வைக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அத்தனை பேரையும் மாத்திடுவேன்!" என்றார் முதலாளி. "வெளிய எத்தனை பேர் வேலை இல்லாம இருக்கான் தெரியுமில்ல?"

"தெரியுங்க ஐயா," என்றாள் கறாரக்கா, கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா புது ஆளுக்குப் புதுப் பதிவு வேணும். அந்த அம்மா திரும்ப வரணும். வந்தா நாங்க எல்லாரும் இங்கதான் நிப்போம், எங்க கையைக் காட்டுவோம். ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேக்கறோம்."

முதலாளி உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். யாரைக் கூப்பிட்டார், அலுவலரையா, காவல் நிலையத்தையா, புது ஆட்களையா என்று வெளியே தெரியவில்லை. எல்லைக் கேட் பூட்டித்தான் கிடந்தது. கதவுகள் எல்லாம் யாருக்கும் பொருந்தாமல் சாலையோரம் சாய்ந்து கிடந்தன. சூரியன் முழுதாக மேலே வந்திருந்தது.

கறாரக்கா கணவரின் விரலை ஊதித் தூசியைப் போக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தன் விரலை அதன்மேல் மெல்ல ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இன்னும் சொரசொரப்பு இருக்கு," என்றாள். "இன்னொரு இழுப்பு."